சைக்கிள் பாதையைச் சந்திப்பிலிருந்து வரையுங்கள்

சைக்கிள் பாதைத் திட்டங்கள் பெரும்பாலும் நேரான தெருவில்தான் தொடங்குகின்றன. அங்கே இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பச்சை வண்ணம் பூசுவது சுலபம். சந்திப்பை நெருங்கும்போது அந்த வண்ணம் புள்ளிக்கோடாகத் தேய்ந்து காணாமல் போகும். சந்திப்பைத் தாண்டியபின் மறுபடி முளைக்கும். ஓட்டுபவருக்குத் துணை அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் பாதை கையை விரிக்கிறது. இரண்டு கிலோமீட்டர் அருமையாக அமைத்துவிட்டு நடுவில் 40 மீட்டர் தூரத்தை லாரிகளோடு கலந்துவிட்டால், பிள்ளையை அந்த வழியில் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் துணிய மாட்டார்கள். அவர்கள் கணக்கில் இருப்பது அந்த 40 மீட்டர் மட்டும்தான்.

எனவே வேலையின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் சந்திப்புகள். அடுத்து பேருந்து நிறுத்தங்களும் பக்கத் தெரு வாய்களும். நேர்த் தெரு கடைசியில்.

யாரை மனதில் வைத்து வரைவது

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரின் சைக்கிள் திட்ட ஒருங்கிணைப்பாளர் ரோஜர் கெல்லர் 2006ல் தன் ஊர்மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும் என்பவர்கள் சுமார் 7 சதவீதம். ஆசை உண்டு, பயமும் உண்டு என்பவர்கள் 60. எப்படிச் செய்தாலும் வேண்டாம் என்பவர்கள் 33. இவை அவருடைய உத்தேச மதிப்பீடுகள்தான். ஊருக்கு ஊர் எண் மாறும், வகைகள் மாறுவதில்லை. இப்போது ரோட்டில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் முதல் இரண்டு வகையினரின் பதில்தான் கிடைக்கும். பாதை கட்டுவதோ அந்த 60 பேருக்காக.

வரைபடத்தின் ஓரத்தில் மூன்று பேரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தனியாகப் போகும் பத்து வயதுப் பிள்ளை, கைப்பிடியில் பையை மாட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டும் முதியவர், முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கரச் சரக்கு சைக்கிள். சரக்கு சைக்கிளின் அகலம் ஒரு மீட்டர் வரை போகும். நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு வளைவையும் தடுப்புக் கம்பத்தையும் இந்த மூவரும் இறங்காமல் கடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

எந்தத் தெருவுக்கு என்ன வகை

தனிப்பாதை எல்லாத் தெருவிலும் தேவையில்லை. தீர்மானிப்பவை இரண்டு: மோட்டார் வாகனங்களின் வேகம், எண்ணிக்கை. உண்மையான வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள்ளும், ஒரு நாளைய வாகன எண்ணிக்கை சுமார் 2,000க்குள்ளும் இருந்தால் கலந்து ஓட்டலாம். நெரிசல் நேரத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 200 வாகனங்கள், அதாவது 18 நொடிக்கு ஒன்று. இரண்டில் ஒன்று மீறினாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத் தெருவில் வெறும் கோடு எதையும் பிரிப்பதில்லை.

உண்மையான வேகம் என்பது பலகையில் எழுதிய எண் அல்ல. வண்டிகளின் வேகத்தை ஒரு மணி நேரம் அளந்து, நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பாருங்கள். பலகை 30 என்றும் அளவு 48 என்றும் சொன்னால் அது 48 தெருதான். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்தால், 30ல் வரும் கார் காய்ந்த ரோட்டில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50ல் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் பிரேக்கே பிடிக்காத முழு வேகத்தில் கடக்கிறது.

குடியிருப்புத் தெருக்களில் எண்ணிக்கையைக் குறைக்க மலிவான வழி குறுக்கு வழியை அடைப்பது. தெருவின் நடுவில் ஓரிடத்தில் கம்பங்களோ பூந்தொட்டிகளோ வைத்து, கார் கடந்து போக முடியாமலும் நடப்பவரும் சைக்கிளும் போக முடியும்படியும் செய்தால் போதும். வீட்டுக்கு வரும் கார் வரலாம்; ஊரைக் கடக்க அந்தத் தெருவைப் பயன்படுத்தும் கார் வராது. கம்பங்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடுங்கள். அதற்குக் குறைந்தால் சரக்கு சைக்கிளும் சக்கர நாற்காலியும் திணறும்; அதிகமானால் சிறிய கார் நுழைந்துவிடும். தீயணைப்பு வண்டிக்கு வழி வேண்டுமென்றால் நடுக் கம்பத்தைச் சாவி போட்டுக் கழற்றும்படி வையுங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977ல் தன் மையப் பகுதியை நான்கு பிரிவுகளாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தது இதே தத்துவத்தில்தான். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017ல் அதைப் பின்பற்றியது. பாதை கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எதிர்ப்பு மட்டும் கூடுதலாக வரும்.

வலைப்பின்னலைப் பற்றி ஒன்று. துண்டு துண்டாக ஆண்டுக்கு ஒரு தெரு என்று கட்டினால், முதல் ஐந்து ஆண்டு யாரும் ஓட்ட மாட்டார்கள். "பார்த்தீர்களா, ஆளே இல்லை" என்ற பேச்சு எழுந்து ஆறாம் ஆண்டு திட்டம் நின்றுவிடும். ஸ்பெயினின் செவில் நகரம் 2006-07ல் சுமார் 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்து ஒரே வீச்சில் அமைத்தது. அதன் பலன் உடனே தெரிந்ததற்குக் காரணம் நீளம் மட்டுமல்ல, இணைப்பு. பணம் குறைவாக இருந்தால் நகரம் முழுக்கத் தூவ வேண்டாம்; ஒரு பள்ளி, ஒரு சந்தை, ஒரு ரயில் நிலையம் மூன்றையும் சேர்க்கும் ஒரு பகுதியை முழுசாக முடியுங்கள். நன்கு வளர்ந்த வலைப்பின்னலில் ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் இடைவெளி 300 முதல் 500 மீட்டர்.

அகலம்

சாதாரண சைக்கிளின் கைப்பிடி 60 முதல் 65 செ.மீ. ஓடும்போது வண்டி இருபுறமும் லேசாக அலையும். அதையும் சேர்த்தால் 75 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அலைவு கூடும். அதனால்தான் ஏற்றத்திலும் சிக்னல் புறப்பாட்டிலும் நேர்த் தெருவைவிட அதிக அகலம் வேண்டும். வழக்கமாக இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: சந்திப்பில்தான் பாதையைச் சுருக்குகிறார்கள்.

ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர். கணக்கு இது: ஓரக் கல்லிலிருந்து விலகல் 25 செ.மீ., ஒரு சைக்கிள் 75, பக்கத்தில் இன்னொன்று 75, மறுபக்க விலகல் 25. ஒருவர் இன்னொருவரை முந்தவோ, தாயும் பிள்ளையும் இணையாகப் போகவோ இதற்குக் குறைவாக முடியாது. 1.2 மீட்டரில் கட்டினால் மெதுவாகப் போகும் முதியவருக்குப் பின்னால் எல்லோரும் வரிசையில் மாட்டுவார்கள். பொறுமையிழந்தவர் காரோடு போய்ச் சேர்ந்துகொள்வார். கூட்டம் உள்ள தடத்துக்கு 2.5 முதல் 3 மீட்டர். இருவழிப் பாதைக்கு 3 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். 4 இருந்தால் நிம்மதி.

அந்த 25 செ.மீ. விலகல் ஓரக் கல்லின் உயரத்தைப் பொறுத்தது. பெடல் அதன் கீழ்நிலையில் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு செ.மீ. உயரத்தில்தான் சுழலும். 15 செ.மீ. செங்குத்துக் கல் இருந்தால் பெடல் அதில் இடித்து ஆளைத் தூக்கிப் போடும். ஓட்டுபவருக்கு அது உடம்பிலேயே தெரியும், அரை மீட்டர் தள்ளித்தான் ஓட்டுவார். இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட கல் வைத்தால் 2 மீட்டர் பாதையில் பயன்படுவது 1 மீட்டர்தான். கல்லை 5 செ.மீ.க்குள் வையுங்கள், அல்லது 45 பாகைக்கும் படுத்த சாய்வாகச் செதுக்குங்கள். சுவர், கம்பி வேலி ஓரமாகப் போனால் விலகல் 60 செ.மீ.க்கு மேல் வேண்டும், கைப்பிடி உரசும்.

நிறுத்திய கார்களுக்கும் பாதைக்கும் நடுவில் குறைந்தது 80 செ.மீ. இடைத்திட்டு விடுங்கள். திறந்த கதவு ஒரு மீட்டர் வரை நீட்டும். காருக்கு வெளிப்புறம், போக்குவரத்துப் பக்கமாகக் கோடு போடும் பழைய முறையில் சைக்கிள்காரர் முழுத் தூரமும் கதவு வீச்சுக்குள் ஓட்டுகிறார். நடைபாதை, சைக்கிள் பாதை, இடைத்திட்டு, கார் நிறுத்தம், வாகனத் தடம் என்பதே சரியான வரிசை.

இடம் எங்கிருந்து வரும்

நடைபாதையிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் நடப்பவர்கள் சைக்கிள் பாதையில்தான் நடப்பார்கள், அதில் அவர்கள் தவறு ஏதுமில்லை. மற்ற வழிகளைக் கூட்டிப் பாருங்கள். நான்கு தடங்கள் தலா 3.5 மீட்டர் என்றால் 14 மீட்டர். நகர வேகத்துக்கு 3 மீட்டர் போதும். பேருந்து போகும் தடத்தை 3.25 ஆக வையுங்கள். சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் மிச்சம். இருபுறமும் 2 மீட்டர் பாதை, அரை மீட்டர் திட்டு என்றால் 5 மீட்டர் தேவை. ஆக, தடத்தைக் குறுக்கினால் மட்டும் போதாது. கார் நிறுத்தும் ஒரு வரிசையோ ஒரு வாகனத் தடமோ போயாக வேண்டும். இந்தக் கூட்டலை முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவது நல்லது. "யாருக்கும் எதுவும் குறையாது" என்று தொடங்கிய திட்டங்கள் 1 மீட்டர் பாதையில்தான் முடிகின்றன.

இடம் பற்றாதபோது தெருவின் ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை வைக்கும் யோசனை எழும். 3 மீட்டரும் திட்டும் சேர்த்து மூன்றரையில் முடிந்துவிடும்தான். ஆனால் பக்கத் தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் வாகனம் வரும் திசையைத்தான் பார்ப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிளைப் பார்க்க மாட்டார். ஆற்றோரம், ரயில் தண்டவாளம், நீண்ட மதில் போன்று ஒரு பக்கம் தெரு வாய்களே இல்லாத இடத்துக்கு இது சரி. ஐம்பது மீட்டருக்கு ஒரு தெரு வாய் உள்ள இடத்தில் வேண்டாம்.

சந்திப்பு

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ஆபத்து இடது திருப்பத்தில் இருக்கிறது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது. இங்கே இடப்பக்க நாடுகளை வைத்தே பேசுவோம். சைக்கிள் நேராகப் போகிறது, பக்கத்தில் வரும் லாரி இடது திரும்புகிறது. லாரி ஓட்டுநரின் இருக்கை உயரம். கேபினின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் கண்ணாடியிலும் ஜன்னலிலும் தெரியாது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வெட்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நகரங்களில் சைக்கிள்காரரைக் கொல்லும் விபத்து. வண்ணம் பூசுவதால் இதில் எதுவும் மாறாது, வடிவம்தான் மாற்றும்.

மாற்றும் வடிவத்துக்கு நான்கு உறுப்புகள். முதலாவது, மூலையில் ஒரு சிறு திட்டு. திரும்பும் வாகனத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே இது நிற்கும். வாகனத்துக்கான வளைவு ஆரம் 4 முதல் 5 மீட்டர் என்று வைத்தால் கார் 15-20 கிலோமீட்டர் வேகத்தில்தான் திரும்ப முடியும். 12 மீட்டர் ஆரம் கொடுத்தால் 25ஐத் தாண்டிச் சீறும். பெரிய லாரிக்கும் பேருந்துக்கும் திரும்ப இடம் வேண்டுமே என்பார்கள். அதற்காக மூலையை அகலமாக்க வேண்டாம். திட்டைச் சுற்றி 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் கரடுமுரடான கல் பதித்த ஓர் ஏறுவிளிம்பு விடுங்கள். பெரிய வண்டியின் பின்சக்கரம் அதில் ஏறிப் போகும், கார் ஓட்டுநர் ஏற விரும்ப மாட்டார். சைக்கிளும் நடப்பவரும் காத்திருக்கும் இடம் இந்த விளிம்புக்குள் வரக்கூடாது.

இரண்டாவது, சைக்கிள் கடக்கும் கோட்டைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து சுமார் 5 மீட்டர் உள்ளே தள்ளுவது, ஒரு கார் நீளம். திரும்பிய கார் அதற்குள் ஏறத்தாழ நேராகிவிடும். கார் ஓட்டுநருக்குச் சைக்கிள் பக்கக் கண்ணாடியில் இல்லாமல் முன்கண்ணாடியில் தெரியும். அவர் அங்கே நின்று வழிவிட்டாலும் பின்னால் வரும் நேர்ப் போக்குவரத்தை மறிக்க மாட்டார், ஹாரன் அடித்து அவரை யாரும் விரட்டவும் மாட்டார்கள். இந்தத் தள்ளலை 2 மீட்டராகக் குறைத்தால் இரண்டு பலனும் போய்விடும். 15 மீட்டர் தள்ளினாலும் கெடும்: கார் திரும்பி வேகம் எடுத்துவிட்டிருக்கும், சைக்கிள்காரர் அவ்வளவு தூரம் சுற்ற மறுப்பார்.

மூன்றாவது, சைக்கிள் நிற்கும் கோடு கார் நிற்கும் கோட்டைவிட முன்னால். பச்சை விழும்போது சைக்கிள் ஏற்கெனவே ஓட்டுநரின் கண் முன் இருக்கும். வலது திரும்ப விரும்பும் சைக்கிள்காரர் நடுத்தடத்துக்கு ஏற வேண்டியதில்லை. நேராகக் கடந்து, அடுத்த மூலையில் நின்று, அடுத்த பச்சையில் போவார். அந்த மூலையில் சரக்கு சைக்கிள் திரும்பி நிற்க இடம் விடுங்கள். இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும்.

நான்காவது சிக்னல். சைக்கிளுக்குப் பச்சையை 4-5 நொடி முன்னதாகக் கொடுங்கள். திரும்பும் வாகனம் அதிகமென்றால் இதுவும் போதாது. திருப்பத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். அடுத்து, பச்சை முடிந்தபின் சந்திப்பு காலியாகும் நேரத்தைச் சரிபாருங்கள். 20 மீட்டர் அகலச் சாலையில் பச்சையின் கடைசி நொடியில் 15 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் சைக்கிளுக்குக் கடக்க 5 நொடி. நின்று புறப்படும் பிள்ளைக்கு எட்டு ஒன்பது நொடி. காருக்கு வைத்த நேரத்தையே விட்டுவைத்தால் பிள்ளை நடுவில் இருக்கும்போது குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழும்.

வாகனம் வந்தால்தான் மாறும் சிக்னல் என்றால் ரோட்டை அறுத்துப் பதித்த கம்பிச் சுருள் இருக்கும். அலுமினிய சைக்கிளை அது உணராது என்று பலர் நினைக்கிறார்கள். சுருள் தேடுவது காந்தத்தை அல்ல, மின்சாரம் கடத்தும் உலோகத்தை. அலுமினிய ரிம் தாராளமாகப் போதும். பிரச்சினை நிற்கும் இடம்தான். சுருளின் நடுவில் நின்றால் உணர்வு குறைவு, அறுத்த கோட்டின் மேல் இரண்டு சக்கரமும் நின்றால் அதிகம். அந்த இடத்தில் ஒரு சைக்கிள் படம் வரைந்துவிடுங்கள், கருவியின் உணர்திறனை ஒரு படி கூட்டுங்கள். பெரும்பாலான புகார்கள் அதோடு தீரும்.

சிக்னல்கள் வரிசையாக வரும் சாலையில் பச்சைகளை 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இணைத்துவிட்டால் சைக்கிள்கள் நிற்காமலே போகும். கோபன்ஹேகனின் நோரெப்ரோ சாலையில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை முழுதாக நின்று மறுபடி 18 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் தெம்பில் சமதளத்தில் ஏறத்தாழ 80 மீட்டர் ஓட்டிவிடலாம். தேவையற்ற ஒவ்வொரு நிறுத்தமும் வழியை அவ்வளவு நீட்டுகிறது.

ரவுண்டானாவைப் பற்றிச் சுருக்கமாக: ஒற்றைத் தடமாக இருந்தால், வெளியே தனி வளையம் அமைத்துக் கடக்கும் இடங்களை 5 மீட்டர் தள்ளி வைக்கலாம். இரண்டு மூன்று தடங்கள் உள்ள ரவுண்டானாவில் சைக்கிளைத் தரைமட்டத்தில் பாதுகாக்க வழியில்லை. சிக்னல் சந்திப்பாக மாற்றுங்கள் அல்லது பாதையை வேறு தெருவில் கொண்டுபோங்கள்.

சிக்னல் இல்லாத பக்கத் தெரு வாயில், சைக்கிள் பாதையும் நடைபாதையும் அதே உயரத்தில், அதே நிறத்தில், அறுபடாமல் போக வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். ஏற்றச் சரிவை ஒரு மீட்டருக்குள் முடித்துச் செங்குத்தாக வையுங்கள். நீண்ட மெல்லிய சரிவில் கார் வேகம் குறையாது. வாயிலின் இருபுறமும் பத்து மீட்டருக்குக் கார் நிறுத்தம் கூடாது. நிறுத்திய ஒரு வேன் போதும், வரும் பிள்ளையை முழுசாக மறைக்க. பலகை வைத்துத் தடுக்க முடியாது. அங்கே சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை நட்டால் இடமும் பயன்படும், பார்வையும் மறையாது.

பேருந்து நிறுத்தம்

பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் போக வேண்டும்; பயணிகள் நிற்கும் திட்டு பாதைக்கும் பேருந்துக்கும் நடுவில். திட்டின் அகலம் குறைந்தது 2.5 மீட்டர். 1.5 மீட்டரில் கட்டினால் கூட்டம் பாதைக்கு வழிந்து தினமும் சண்டைதான். நடப்பவர் கடக்கும் இடத்தில் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி வரிக்குதிரைக் கோடு போடுங்கள்; ஓட்டுபவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். நிழற்கூடத்தின் பின்சுவர் கண்ணாடியாக இருக்கட்டும், விளம்பரப் பலகையாக இருந்தால் இறங்கி வருபவரும் சைக்கிளும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பார்வையற்றோருக்கான புடைப்புத் தளக்கற்கள் கடக்கும் இடம் வரை இணைய வேண்டும்; இதை வரைபடத்தில் போட்டுவிட்டுக் கட்டும்போது விடுவது வாடிக்கையாக நடக்கிறது.

தரை

பாதையை இயந்திரம் வைத்துப் பரப்பிய தாரில் போடுங்கள். பேவர் பிளாக் பார்க்க நன்றாயிருக்கும். ஒவ்வொரு இணைப்பும் கைப்பிடி வரை அதிரும், இரண்டு மழைக்காலத்தில் கற்கள் ஏற்ற இறக்கமாகும். பக்கத்தில் வழவழப்பான சாலை இருந்தால் ஓட்டுபவர் அதற்கே போவார். கான்கிரீட் என்றால் இணைப்புகளை ஈரமாக இருக்கும்போது பள்ளம் இழுத்து விடாமல், இறுகியபின் மெல்லிய ரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள். முழுப் பரப்பையும் தெர்மோபிளாஸ்டிக் பூச்சால் மூட வேண்டாம். மழையில் வழுக்கும், குறிப்பாக வளைவில். நிறம் வேண்டுமென்றால் தாரிலேயே நிறப்பொடி கலக்கலாம்.

மழைநீர்க் கம்பி மூடி தனிக் கவனம் கேட்கும். கம்பிகள் பாதையின் திசையில் ஓடினால் 25 அல்லது 28 மி.மீ. டயர் இடைவெளியில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும், ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார். கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும். பழைய மூடி சதுரமாக இருந்தால் தூக்கி 90 பாகை திருப்பி வைத்தாலே போதும், செலவே இல்லை. அதைவிட நல்லது ஓரக் கல்லின் பக்கவாட்டில் நீர் நுழையும் வாய். சாக்கடை மூடிகள் தளத்தோடு மட்டமாக இருக்கட்டும். மறுபடி தார் போடும்போது மூடியை உயர்த்தாமல் விட்டால் ஐந்து செ.மீ. குழி கிடைக்கும். பாதை ஏறி இறங்கும் இடங்களில் விளிம்பு சுத்தமாகப் பூஜ்யம், "ஒன்றிரண்டு செ.மீ. பரவாயில்லை" என்பதில்தான் சாய்வாக ஏறும் சைக்கிள் சறுக்குகிறது.

வேகத்தடை தேவையென்றால் அலைவடிவில், 7.5 முதல் 10 செ.மீ. உயரமும் சுமார் 4 மீட்டர் நீளமுமாகப் போடுங்கள். குறுகிய மேட்டுத் தடை காரைவிடச் சைக்கிளைத்தான் அதிகம் தண்டிக்கும். மேம்பாலச் சரிவுகளில் 5 சதவீத ஏற்றம் 30 மீட்டருக்குள், 3 சதவீதம் 80 மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. அதற்கு மேல் நீண்டால் நடுவில் சமதளம் விடுங்கள்.

வெயில் கடுமையான ஊரில் மரம் அலங்காரம் அல்ல, பாதையின் உறுப்பு. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வேர்த் தடுப்புத் தகடு வைத்து நடுங்கள். கிளைகள் 2.5 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது.

மோட்டார் பைக் நுழைந்தால்

ஸ்கூட்டரும் மோட்டார் பைக்கும் நிறைந்த ஊர்களில் இதுதான் முதல் தலைவலி. ஸ்கூட்டர் சரக்கு சைக்கிளைவிட அகலமானது அல்ல. ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விடும் கம்பமோ வாயிலோ கிடையாது. வளைந்து நுழையும் கம்பி வாயில் வைத்தால் பைக்காரர் சமாளித்துப் புகுந்துவிடுவார். சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் வெளியே நிற்கும். அதனால் அந்த வாயில்களைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

உதவுபவை வேறு. நுழைவாய்களை எண்ணிக் குறையுங்கள்: திட்டு தொடர்ந்து ஓடினால் சந்திப்பில் மட்டும்தான் நுழைய முடியும், நடுவில் நெரிசலைப் பார்த்துத் தாவ முடியாது. பிளாஸ்டிக் கம்பங்களை ஐந்து மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு நுழைவாய். நுழைவில் 20 கிலோமீட்டருக்கு வசதியான, 40க்குத் தூக்கிப் போடும் மேடு ஒன்றை வையுங்கள். கேமரா அபராதம் இருந்தால் நெரிசல் நேரத்தில் மட்டும், இடம் மாற்றி மாற்றி. எல்லாவற்றையும்விட, பாதையில் சைக்கிள் கூட்டம் வந்துவிட்டால் பைக்குக்கு அதில் லாபம் இருக்காது. இது முதல் ஆண்டுப் பிரச்சினை. அந்த ஆண்டைக் கடக்கத்தான் கண்காணிப்பு.

நிறுத்துமிடம்

போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்ட ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் சைக்கிள் வராது. கவிழ்த்த ப வடிவக் குழாயே போதும்: 48 முதல் 50 மி.மீ. விட்டம், 75 செ.மீ. உயரம், 70 முதல் 100 செ.மீ. நீளம். சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம், ஒரு குழாய்க்கு இரண்டு சைக்கிள். குழாய்களுக்கு இடையே ஒரு மீட்டர் விடுங்கள். 60 செ.மீ.யாக நெருக்கினால் கைப்பிடிகள் சிக்கும், ஒரு பக்கம்தான் பயன்படும். எண்ணிக்கையில் கூடி, உண்மையில் குறையும். சுவரை நோக்கி நட்டால் முன்சக்கரத்துக்கு 60 செ.மீ. இடம் வேண்டும். குழாயின் கால்களை 30 செ.மீ. ஆழக் கான்கிரீட்டில் புதையுங்கள். போல்ட் போட்டு நிறுத்தியதைத் திருடன் ஸ்பானர் கொண்டே கழற்றுவான். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் பள்ள வகை ஸ்டாண்டுகள் ரிம்மை வளைக்கும், பூட்டவும் வழி தராது.

ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் வரை நிற்கும். கடை வாசலில் என்றால் நுழைவிலிருந்து 15 மீட்டருக்குள். தள்ளி வைத்தால் மின்கம்பத்தில்தான் கட்டுவார்கள். நாள் முழுக்க நிற்கும் ரயில் நிலையத்துக்குக் கூரையும் ஆளும் தேவை. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 2019ல் முழுமையடைந்த நிறுத்துமிடம் 12,500 சைக்கிள்களுக்கானது. ஓட்டிக்கொண்டே உள்ளே வந்து, காலி இடத்தை மின்பலகையில் பார்த்து, நிறுத்தி, படியேறி ரயிலுக்குப் போய்விடலாம். சிறிய நிலையத்தில் இருபது குழாயில் தொடங்கினாலும் கூடுதலாக நட இடம் ஒதுக்கி வையுங்கள்.

முதலில் தற்காலிகமாக

கல் பதிக்கும் முன் ஆறு மாதம் தற்காலிகப் பொருளில் நடத்திப் பாருங்கள்: வண்ணம், திருகிப் பொருத்தும் ரப்பர் திட்டு, பூந்தொட்டி, கம்பம். நேர்த் தெருவை மட்டுமல்ல, மூலைத் திட்டையும் இப்படியே அமைக்கலாம். பேருந்து எங்கே உரசுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ரப்பர் திட்டுகளுக்கு நடுவே நீர் ஓட இடைவெளி விட மறக்காதீர்கள். தனியாக நிற்கும் குட்டையான மேடுகள் வேண்டாம், இருட்டில் நடப்பவரும் பைக்காரரும் தடுக்கி விழுவார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கம்பம் நிற்கட்டும்.

தொடங்குவதற்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும், அதே கிழமையில், அதே நேரத்தில் எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையோடு பெண்கள், சிறுவர், முதியவர் எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தம் கூடி, பெண்களின் பங்கு அப்படியே இருந்தால் பாதை இன்னும் அஞ்சாத வகையினருக்கு மட்டுமே உதவுகிறது; எங்கே பயப்படுகிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சந்திப்பில் இருக்கும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்தால் பதில் அங்கேயே கிடைக்கும்.

பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாலை கூட்டும் சிறு இயந்திரத்தின் அகலம் சுமார் 1.2 முதல் 1.5 மீட்டர். இரண்டு கல்லுக்கு நடுவே பாதை அதைவிடக் குறுகலாக இருந்தால் இயந்திரம் நுழையாது. கண்ணாடித் துண்டும் மணலும் இலையும் சேர்ந்து, மூன்றாம் மாதம் எல்லோரும் காரோடு ஓட்டுவார்கள். நகராட்சியிடம் இருக்கும் இயந்திரத்தின் அளவைக் கேட்டுவிட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள். கட்டுமானக் குப்பை, பழுது பார்க்கும் பள்ளம், தற்காலிகக் கம்பம் எதுவானாலும் பாதையை மூடினால் மாற்று வழி அமைப்பது மூடியவர் பொறுப்பு என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும்.

இறுதிப் பில்லில் கையெழுத்திடும் முன், பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் சுமை ஏற்றி முழுப் பாதையையும் இரு திசையிலும் ஓட்டச் செய்யுங்கள். ஒருமுறை பகலில், ஒருமுறை மழை பெய்து கொண்டிருக்கும் இரவில். இறங்கித் தள்ள வேண்டி வந்த இடங்களையும், தண்ணீர் தேங்கிய இடங்களையும், விளக்கு எட்டாத இடங்களையும் சுண்ணாம்பால் குறித்து, ஒப்பந்ததாரரின் ஆட்கள் அங்கிருக்கும்போதே சரிசெய்து வாங்குங்கள்.